படுதாவில் போட்ட பேர்

அட்டன்

அன்பு மச்சான் லிங்கத்துக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத எங்கே நேரம் விட்டாய்? வாரத்தில் எனக்கு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஒரு நாளையும் ரயிலேற்றித் தேயிலைத் தோட்டம் தோட்டமாக இழுத்துக்கொண்டு போய்விடுவாய். இப்போது நீ இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது மச்சான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வேறு என்னவெல்லாமோ வரும் போலிருக்கிறது.

இதை அச்சில் போடப்போகிறேன். அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான். உன் அக்காவிடம் கேட்டேன். தோட்டம் எது என்று மட்டும் எழுத வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள் என்று சொன்னார். அதனால் எழுதவில்லை. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மூச்சு வாங்க ஏறுகிற வழியில் இருக்கிறது என்பதோடு விடுகிறேன்.

உன்னை அறியாதவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் தெரியட்டும். நீ அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானவன். நாடகம் எழுதுகிற பைத்தியம். நான் அட்டன் கடைத்தெருவில் கல்யாணக் கார்டுக்கும் பீடிக்கட்டு லேபலுக்கும் டிசைன் போடுகிறவன். அப்பா ரயில்வேயில் வேலை, நாங்கள் வேதக்காரர்கள். உன் நாடக நோட்டீசுக்கு எழுத்து வரைந்து தரச் சொல்லி நீ அச்சகத்துக்கு வந்தாய். நான் வரைந்து கொடுத்தேன். நீ பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறாய் என்று கேட்டாய். ஆமாம் என்று சொன்ன அந்த வாயை நான் என்ன செய்வது?

எங்கெங்கே போனோம்! கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயிலில் கிறிஸ்துமஸுக்குப் பாலன் குடில் கட்டினோம். சுரூபம் வாங்க வழியில்லாமல் களிமண்ணில் நாமே மாதா செய்ய, அவள் முகம் அந்த லயத்து மருத்துவச்சி முகம் மாதிரியே வந்துவிட்டது. மருத்துவச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. திம்புள்ளயில் வாசகசாலைக்குப் பலகை எழுதினோம். பலகை பெரிது, உள்ளே இருந்த புத்தகங்கள் ஒரு கைப்பிடி. மாரியம்மன் திருவிழாவுக்கு வளைவு, பொங்கலுக்குத் தோரணம், என்ன கேட்டாலும் நீ சரி என்பாய். நிறமும் தூரிகையும் என் பொறுப்பு, பேச்சு உன் பொறுப்பு. நீ பேசினால் வேலைக்கு நாலு பேர் வருவார்கள், தேத்தண்ணி வரும், ஏணி வரும். நான் பேசினால் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. செத்த பிறகும் அவன் உன்னை விடமாட்டேன் என்கிறானே என்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், பெண் வீட்டாரை ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்ல முடியும், நான் அன்றைக்கு வீட்டில் இருப்பதில்லை. முதலாளி புதிய எந்திரம் வாங்கியிருக்கிறார். இரண்டு நிறத்தில் அடிக்கலாம் என்பதால் அட்டனில் கல்யாணம் செய்கிற எல்லோருக்கும் இப்போது சிவப்பு ரோஜா வேண்டியிருக்கிறது. வாரம் முழுக்க ரோஜா வரைகிறேன். சனிக்கிழமை சாயந்தரம் கண் எரிகிறது, முதுகு நிமிரமாட்டேன் என்கிறது. மறுநாள் காலையில் ரயில். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகை வராமல் இருக்க ஜன்னலை இழுத்து மூடுவது உன் வேலையாக இருந்தது. நான் மறந்துவிடுகிறேன். கரியோடு போய் இறங்குகிறேன்.

நீ போன ஆடிக் காற்றைப் பற்றி எழுதப் பிடிக்கவில்லை. நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனாய், சளி நெஞ்சில் இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ படுத்திருந்த நாளெல்லாம் பாக்கியம் அக்கா கொழுந்து எடுக்கப் போகாமல் உன் பக்கத்திலேயே இருந்தார். அதற்காக அவரைக் கூப்பிட்டு எச்சரித்திருக்கிறார்கள். இன்னொரு தடவை சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால் பத்துச்சீட்டு என்று. பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மாமா, உன் அப்பா, இடுப்பு ஒடிந்து கிடக்கிறவர். அவரைத் தூக்கிக்கொண்டு அக்கா எங்கே போவார்? இது உனக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்று உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார்.

நீ எழுதி வைத்துவிட்டுப் போன நாடகத்தைத்தான் இப்போது போடுகிறோம். லயத்துக் கூரை ஒழுக, ஒழுக நடக்கிற கல்யாணம். தோட்டத்துத் துரை சம்மதித்துவிட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மேடை போட்டுக்கொள்ளலாம், படுதா தைக்க ஸ்டோரிலிருந்து பழைய சாக்குகளை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். மாளிகையும் நந்தவனமும் வேண்டாம், நம்ம லயத்தையே வரை என்று நீ சொன்னதால் லயத்தை வரைந்தேன். பெண்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தினம் பார்க்கிறதை மேடையிலும் பார்ப்பானேன் என்றார்கள். கடைசியில், சுவருக்குப் புது வெள்ளை அடித்து, கதவுக்கு நீலம் பூசுவதாக ஒப்பந்தம் ஆனது. கூரையில் ஓட்டை வரையக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஓட்டை இல்லாமல் உன் நாடகம் எப்படி நடக்கும் என்று கேட்டேன், அது நடிக்கிறவர்கள் பாடு என்றார்கள்.

இன்னொன்றும் நீ சொல்லியிருந்தாய். படுதாவின் அடி ஓரத்தில், வேலை செய்த எல்லோருடைய பேரும் இருக்க வேண்டும். ஓட்டு லிஸ்டிலிருந்து நம்முடைய பேரை எடுத்துவிட்டார்கள், பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்த பேர் எந்த அரசாங்கக் கந்தோரில் தூங்குகிறதோ தெரியாது, சாக்கிலாவது இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். கொதிக்கிற உடம்போடு சொன்னது. அதனால் நான் மறக்கவில்லை.

ஆனால் ஆள் சேரவில்லை மச்சான். சாக்கைப் பிரித்துத் தைக்கவேண்டும், பசை காய்ச்சிப் பூசவேண்டும், வெள்ளை அடிக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் பல ஞாயிறு நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்து தைத்தோம். இது என்ன வேலை, யாருக்காகச் செய்கிறேன் என்று எனக்கு அலுப்பு வந்துவிட்டது. இந்தப் படுதாவை முடித்துக் கொடுத்துவிட்டு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்தேன். ஒரு ஞாயிறு தோட்டத்திலிருந்து கிளம்பும்போது அக்காவிடம், அடுத்த ஞாயிறு எப்படியாவது ஆட்களைக் கூட்டி வரச் சொன்னேன். அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"வர்ற எல்லாருக்கும் பேர் போடுறோம்னு சொல்லுங்க அக்கா."

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான கூலி. கொழுந்து கொண்டுவந்தால் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். குறைந்தால் அரைப் பேர். வராவிட்டால் பேர் வெட்டு. நான் கேள்விப்படாத சொல் இல்லை. ஆனால் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்குப் பேர் என்றால் முதலில் பேர்தானே ஞாபகம் வரும்? அவர்கள் காதில் விழுந்ததோ வேறு. சாக்குக் கொடுத்தது துரை, இடம் கொடுத்தது துரை. பெரியவர்கள் யாராவது தோட்டம் பார்க்க வந்தால் லயத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிப் பேர் போடுவதில்லையா, அதுமாதிரி இதுவும் தோட்டத்து வேலை என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு கொழுந்து குவிகிற காலம். ஓய்வு நாளிலும் பெரட்டு வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் போனால் உட்கார இடமில்லை. கொழுந்துக்காரப் பெண்கள் சாக்கு ஊசியோடு வரிசையாக இருக்கிறார்கள். தெம்மாங்கு பாடுகிறார்கள், பசை கிண்டுகிறார்கள், கதவுக்குப் பூசிய நீலம் போதாது என்று என்னை விரட்டுகிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? நீ போன பிறகு முதல்தடவையாக முதுகு வலிக்கவில்லை. நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்தே போனது. என் பேச்சுக்கும் ஆள் வருகிறது என்று உன்னிடம் மனசுக்குள் பெருமையடித்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் தைத்து முடித்து, பின்னேரத்துக்குள் வரைந்தும் முடித்தோம். கடைசியாக அடி ஓரத்தில் வெள்ளை எழுத்தில் பேர்களை எழுதினேன். கல்யாணக் கார்டில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை. முதலில் உன் பேர், பிறகு அக்கா, பிறகு ஒவ்வொருவராக. சிலர் தங்கள் பேரை எழுத்தில் பார்ப்பதே அதுதான் முதல்தடவையாக இருக்கவேண்டும், குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஏதோ சித்திரம் வரைகிறேன் என்று நினைத்திருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

கையைத் துடைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எல்லாருக்கும் பேரு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு அக்கா. ஒருத்தரும் விட்டுப்போகல."

"முழுப் பேருங்களா, அரப் பேருங்களா?"

"முழுப் பேர்தான் அக்கா. அப்பா பேரையும் சேர்த்தே போட்டிருக்கேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அப்பா பேரையும் சேர்த்து என்றால் செத்துப்போன அப்பாவுக்கும் துரை நாள் கொடுக்கிறாரா என்று பின்னால் இருந்த ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து ஒரு பெண் கூடையோடு ஓடி வந்தாள். மலையில் பாதி வரிசை காலியாகக் கிடந்ததாம். கணக்கப்பிள்ளை கொதித்துப்போயிருக்கிறாராம். பள்ளிக்கூடத்தில் பேர் போடுகிறார்களே என்று இவள் சொன்னதற்கு, என்னைத் தவிர இந்தத் தோட்டத்தில் பேர் போடுகிறவன் யார், நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாராம்.

முதலில் விளங்கியது அக்காவுக்குத்தான். என் முகத்தைப் பார்த்தார், படுதாவின் அடியைப் பார்த்தார். அந்தச் சித்திரமெல்லாம் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கூட்டி வந்தது அவர். இவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தது அவர். சீட்டு என்று வந்தால் முதல் சீட்டு யாருக்கு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்.

"எங்க தம்பியா இருந்தா எழுதுறோம்னு சொல்லியிருப்பான்."

உண்மைதானே மச்சான்? நீ எழுதுகிறோம் என்று சொல்லியிருப்பாய். நான் போடுகிறோம் என்றேன். ஒரு வார்த்தை. அதற்காகத்தானே பேச்சு உன் பொறுப்பு என்று விட்டிருந்தேன், அதையும் என் தலையில் போட்டுவிட்டுப் போனது யார்?

யோசிக்க நேரமில்லை. பேரையெல்லாம் அழித்துவிடுங்கள், கணக்கப்பிள்ளை படிக்கத் தெரிந்தவர் என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு அடுத்ததும் உறைத்தது. இன்றைக்கு யார் யார் வேலைக்கு வரவில்லை என்று, தகப்பன் பேரோடு, அழகான எழுத்தில், நானே எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். கைவசம் மிச்சம் இருந்தது பச்சை மட்டும்தான். ஒவ்வொரு பேரின் மேலும் ஒரு தேயிலைச் செடியைப் போட்டேன். பெண்கள் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் பச்சை, இதோ ஒரு எழுத்து தெரிகிறது என்று காட்டிக்கொண்டே வந்தார்கள். அக்காவின் பேரும் செடிக்கு அடியில் போனது. இது உன் பேர் என்று சொல்லித் தூரிகையைக் கொண்டுபோனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் பேரு இருக்கட்டும் தம்பி. அவனுக்கு யாரு சீட்டுக் குடுக்கிறது?"

கணக்கப்பிள்ளை உள்ளே வந்தார். உனக்குத் தெரிந்த அதே மனிதர்தான். உன் முந்தின நாடகத்தில் துரை வேஷத்துக்குத் தன் கோட்டைத் தந்துவிட்டு, கசங்கித் திரும்பி வந்ததென்று ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தவர். யாரும் எழுந்திருக்காமலும் இல்லை, சரியாக நிற்கவும் இல்லை. படுதாவைப் பார்த்தார். ஈரப் பச்சையைப் பார்த்தார். என் கையிலிருந்த தூரிகையையும் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

நான் பேச வாயெடுத்தேன். தவறு என்னுடையது என்று சொல்லத்தான். அக்கா முந்திக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். நீங்கள் டவுனுக்குப் போய்விடுவீர்கள், நாங்கள்தானே இங்கே இருக்கவேண்டும் என்று பிறகு சொன்னார்.

"யாரு கூப்புட்டு வேலையை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

"வாத்தியாரு கூப்புட்டாருங்க ஐயா."

"எந்த வாத்தியாரு?"

அக்கா படுதாவின் அடியைக் காட்டினார். அவர் குனிந்து உன் பேரைப் படித்தார். ஒரு பேரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. வெளியே தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. எனக்கு அக்காவின் காம்பராவும் அங்கே கிடக்கிற மாமாவும்தான் கண்முன்னால் நின்றார்கள். நிமிர்ந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை.

"சரி. அப்ப அவன் பேர வெட்டிக்கிறேன். நாளைக்குப் பெரட்டுக்கு எல்லாரும் வந்துறணும்."

அவ்வளவுதான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். துரையிடம் சொல்வாரா, சொல்லமாட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வாரம் முழுக்க நான் ரோஜாவைக் கோணலாகத்தான் வரைந்தேன். நேற்று வட்டகொடையிலிருந்து வந்த ஒருவரிடம் அக்கா சொல்லியனுப்பியிருந்தார். சீட்டு யாருக்கும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கு ஒருவருக்கும் பேரும் இல்லை. நாடகம் அடுத்த சனிக்கிழமை நடக்கும்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் மச்சான்? கோட்டுக்குப் பழி தீர்த்துக்கொண்டாரா? அவரும் உனக்காக அழுததை நீ பார்த்திருக்கமுடியாது, நான் பார்த்தேன். அதுவா? அல்லது அத்தனை பேருக்கும் சீட்டு எழுதினால் திங்கட்கிழமை கொழுந்து எடுக்க ஆள் எங்கே என்று கணக்குப் பார்த்தாரா? கேட்கத் தைரியம் இல்லை. நீயே கண்டுபிடித்துச் சொல்.

அக்காவிடம் நிறுத்திக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டேஷன்வரை கூட வந்தார், மழையில் இருவரும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தோம். வழியில் ஒரே ஒரு தடவை அழுதார். நீ இருக்கும்போது அவரை எதற்கும் முந்திக்கொண்டு நிற்க விடமாட்டாயாம், எல்லாப் பழியையும் நீயே எடுத்துக்கொள்வாயாம். இப்போதும் எடுத்துக்கொண்டானே என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்தார். எனக்கும் தாங்கவில்லை. ரயில் வந்ததும் ஏறிவிட்டேன்.

எனக்கு அலுப்புத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் முதுகு வலிக்கிறது. அம்மா கத்திக்கொண்டுதான் இருக்கிறாள். இந்தத் தோரணமும் படுதாவும் யாருடைய கூரையையும் ஒழுகாமல் நிறுத்தப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் உன் பேரை வெட்டிவிட்டார்கள் லிங்கம். நீ வேலைக்கு வராத ஆளாகிவிட்டாய். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த நாளை யாராவது செய்து கொடுக்கவேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நான் வருகிறேன். உன் நாளை நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
இனிமேல் பாக்கியம் அக்காவுக்குத் தம்பி,
அருளப்பன்